காது மெத்தை மாற்றிய அண்ணாச்சி

“டீச்சர், உங்க குரல்ல ஈரம் போயிருச்சு” என்றார் ஆவுடையப்பன்.

வடிவு டீச்சர் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“எப்பலேர்ந்து அண்ணாச்சி?”

“போன ஞாயித்துக்கெழமப் பேச்சுலேர்ந்து. அதுக்கு முந்தி நல்லாத்தான் இருந்துச்சு.”

“தொண்ட கட்டிருக்கும். மொளகு ரசம் வச்சுக் குடிக்கேன்.”

“இது தொண்ட இல்ல டீச்சர். இது உள்ளேர்ந்து போயிருக்கு.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. டீச்சருக்கு நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். குரு வயதில் சின்னவர், சீடர் பெரியவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவின் காலில் விழுவார். பார்க்கிறவர்கள்தான் குழம்புவார்கள். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடியில் இருந்தது அந்த ஓட்டு வீடு. ஆசிரமம் என்று பலகை கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு வந்து டீச்சர் அங்கே தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். கேட்க ஆட்கள் வருவார்கள்.

ஆவுடையப்பன் கடையத்தில் மைக் செட் வைத்திருந்தவர். ஒரு விசேஷத்துக்கு இங்கே மைக் கட்ட வந்தார். டீச்சர் பேசியதைக் கேட்டார். செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கிவிட்டார்.

அன்றிலிருந்து டீச்சரின் பேச்சைப் பதிவு செய்வதுதான் அவருக்குத் தவம். நெல் மூட்டை அடுக்கிய அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, சுவரெல்லாம் சாக்கு அடித்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாரத்தில் ஒரு நாள் பதிவு செய்வார். மிச்ச நாளெல்லாம் அதையே போட்டுக் கேட்பார்.

டீச்சர் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டார்.

“அப்ப என்ன செய்யலாம்னு இருக்கீய?”

“நான் போறேன் டீச்சர்.”

“எங்க?”

“பாபநாசத்துப் பக்கம் ஒரு சாமியார் இருக்காராம். மைக்கே இல்லாம பேசுனாலும் அருவிச் சத்தத்த மீறிக் கேக்குமாம். கணீர்னு இருக்குமாம்.”

“நல்லதுதான். போற வழியில கடையம் வருமே.”

“வரும்.”

“பஸ் நிக்கும்லா?”

“நிக்கும். நான் எறங்க மாட்டேன்.”

கடையத்தில் அவர் மனைவி செண்பகம் இருந்தாள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் குரல் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மைக் ஊளையிட்ட மாதிரி இருக்கும் என்பார். அந்தக் குரல் கூப்பிட்டுத்தான் முப்பது வருஷம் சாப்பிட உட்கார்ந்தார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார். எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் மனுஷன் கண் கலங்கி நிற்கும்போது என்ன சொல்ல?

“போறதுக்கு முந்தி ஒரு உபகாரம் பண்ணுங்க” என்றார் டீச்சர். “அந்த ஈரம் போன குரல எனக்கும் போட்டுக் காட்டுங்க. என் குரல நானே கேட்டது இல்ல.”

இருவரும் சாக்கு அறைக்குப் போனார்கள். அவர் ஹெட்போனைத் துடைத்து, டீச்சரின் தலையில் பூ வைப்பது போல வைத்தார். போன ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் போட்டார்.

டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது யாரு, எங்க பெரியம்ம பேசுத மாதிரி இருக்கு.”

“வெளையாடாதீய டீச்சர்.”

டீச்சரின் விரல்கள் காதைச் சுற்றித் தடவின. மெத்தென்று துணி தட்டுப்பட்டது.

“இது புதுசா?”

“மெத்த மட்டும் புதுசு. ஹெட்போன் அதேதான்.”

“பழய மெத்தைக்கு என்ன?”

“அது ரெக்சினு. உரிஞ்சு போச்சு. காதெல்லாம் கருப்பு கருப்பா ஒட்டுது. அண்ணாச்சி காதுல கரியப் பூசிக்கிட்டுத் திரியுதாருன்னு எல்லாரும் சிரிக்காவ. அதான் வெல்வெட் துணியில ஒரு சோடி வாங்கிப் போட்டேன். இது வேர்க்காது.”

“மெத்தய மாத்துனா சத்தம் மாறாதோ?”

காலையிலிருந்து முதல் தடவையாக ஆவுடையப்பன் சிரித்தார். தொழில் தெரியாதவர்கள் கேட்கும் கேள்விக்கு ஒரு சிரிப்பு உண்டே, அந்தச் சிரிப்பு.

“சத்தம் வாறது உள்ள இருக்க ஸ்பீக்கர்லேர்ந்து டீச்சர். மெத்த, காது வலிக்காம இருக்கதுக்கு. கட்டில் மெத்தய மாத்துனா தூங்குறவன் மாறிருவானா?”

“மாற மாட்டான்தான்” என்று டீச்சர் ஒத்துக்கொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆயுசு முழுக்கப் புளியமரத்திலும் மொட்டை மாடியிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டினவர். அங்கே மெத்தைக்கு என்ன வேலை?

“போன வருசத்துப் பேச்சு ஒண்ணு போட்டு நீங்க கேளுங்க” என்றார் டீச்சர்.

போட்டார். கேட்டார். முகம் விழுந்துவிட்டது.

“என்ன அண்ணாச்சி?”

“இதுலயும் ஈரம் இல்ல.”

“அப்பிடியா?”

“அப்ப போன வருசமே போயிருக்கு. எனக்குத்தான் இப்பத் தெரியுது.”

“அதுக்கும் முந்தி ஒண்ணு போடுங்க.”

அவர் முதன்முதலில் பதிவு செய்த பேச்சைத் தேடி எடுத்தார். அவரை இந்த வீட்டில் கட்டிப்போட்ட குரல் அது. போட்டார். பாதியில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுலயுமா?”

“இதுலயும் இல்ல டீச்சர். மொதல்லேர்ந்தே இல்ல.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தார்.

“பழய மெத்தய எங்க போட்டீய, குப்பையிலயா?”

ஆவுடையப்பன் எழுந்து போனார். தன் பெட்டிக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். அவிழ்த்தால், தோல் உரிந்த இரண்டு கருப்பு வளையங்கள்.

“உங்க குரல் இருந்த எடம். தூர எறிய மனசு வரல.”

டீச்சர் அந்த வளையங்களைத் தொட்டுப் பார்த்தார். இப்படி ஒரு பிள்ளை மனசுக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பார்.

“மாட்டுங்க” என்றார்.

அவர் துணி மெத்தையை உருவினார். ரெக்சின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் இழுத்து இழுத்துப் பள்ளத்துக்குள் செருகினார். தலையில் மாட்டினார். அதே முதல் பேச்சைப் போட்டார்.

கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

“இருக்கு” என்றார். “இருக்கு டீச்சர். ஈரம் இருக்கு.”

“திரும்பி வந்துருச்சா? நான் இன்னும் எந்திரிக்கக்கூட இல்லயே.”

அவருக்கு அந்தக் கேலி உடனே உறைக்கவில்லை. டீச்சர் கையை நீட்டி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

“அடேயப்பா. இந்த மெத்தையில நான் ரொம்ப நல்லவளா இருக்கேனே.”

அப்போதுதான் உறைத்தது. ஆவுடையப்பன் ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். துணியைப் போட்டுக் கேட்டார். ரெக்சினைப் போட்டுக் கேட்டார். இரண்டும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கைக் காதில் அழுத்திக் கேட்டார், கொசு பாடியது. மறுபடியும் துணி. மறுபடியும் ரெக்சின். விரல் நகம் ஒன்று பிய்ந்துபோனது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. காது நல்ல காது. புத்திதான் கொஞ்சம் பிந்தி வரும்.

“அடிச் சத்தம் ஓடிருது டீச்சர்” என்றார் கடைசியில். “ரெக்சின் காதச் சுத்தி இறுக்கி மூடிக்கிடுது. அடிச் சத்தம் வெளிய போக முடியாம உள்ளயே நின்னு நெறயுது. துணியில கண்ணு கண்ணா ஓட்ட. அது வழியா ஒழுகிப் போயிருது. மேல் சத்தம் மட்டும் மிஞ்சுது. அதுபோக இது தடிமன் வேற, காதத் தள்ளி நிப்பாட்டுது.”

“அப்ப என்கிட்டேர்ந்து ஒண்ணும் போகலயா?”

அவர் சாஷ்டாங்கமாக விழுந்தார். அறை சின்னது, கால் கதவில் இடித்தது.

“மன்னிச்சிருங்க டீச்சர். ரெண்டு துண்டு மெத்தைக்கு ஏமாந்து உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். நான் எங்கயும் போகல. பாபநாசமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

“கடையத்துக்கும் போகலயா?”

“எங்கயும் போகல. இந்த ரெக்சினையே ஒட்டுப் போட்டு மாட்டிக்கிட்டு இங்கனயே கெடப்பேன்.”

டீச்சர் பெருமூச்சு விட்டார். சீடன் திரும்பக் கிடைத்ததில் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ஆவுடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். ஆறுதல் வந்ததும் அவருக்கு ஒரு ஞானக் கேள்வியும் வந்துவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டீச்சர். ரெக்சின்ல கேட்டா தேனா இருக்கு. துணியில கேட்டா காஞ்ச ஓலையா இருக்கு. இதுல எது உங்க நெசமான குரல்?”

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“ரெண்டையும் ஒத்துப் பாக்கணும்னா உங்க தொழில்ல எப்பிடிப் பாப்பீய?”

“ஒரே துண்ட ரெண்டுலயும் போட்டுக் கேக்கணும்.”

“எந்தத் துண்டு சரியா வரும்?”

“மைக் டெஸ்ட்தான்” என்றார் யோசிக்காமல். “பேச்சு வேண்டாம் டீச்சர். பேச்சுன்னா மனசு அதுல போயிரும். மைக் டெஸ்ட்ல சத்தம் மட்டுந்தான் இருக்கும்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேச்சு தொடங்குவதற்கு முன்னால் டீச்சர் மைக் முன்னால் உட்கார்ந்து ஏதாவது சொல்வார். இவர் சாக்கு அறையில், கூடத்தைப் பார்த்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம், மெஷினில் எரியும் பச்சை விளக்கைப் பார்ப்பார். சத்தம் கூடி அது சிவப்பைத் தொடாமல் இருந்தால் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் பேச்சு. ஊருக்கு அனுப்பும்போது அந்த ஆரம்பத் துண்டை வெட்டிவிடுவார். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். டீச்சர் எண்ணுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வேறு என்ன சொல்கிறார் என்பது தெரியாது. மைக் டெஸ்ட்டில் என்ன சொன்னார்கள் என்று எந்த மைக் செட்காரரும் இதுவரை காது கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரெக்சினில் ஒரு மைக் டெஸ்ட்டைப் போட்டார்.

“என்ன கேக்கு?” என்றார் டீச்சர்.

“அடித்தொண்ட நல்லா வருது. குளுகுளுன்னு இருக்கு.”

“இப்ப துணியில.”

மாற்றிப் போட்டார்.

“மேல் சத்தம் தூக்குது. ‘ச’ வாற எடமெல்லாம் குத்துது.”

“வேற?”

“நீங்க மூச்சு இழுக்கது கேக்கு.”

“வேற?”

“பின்னால காத்தாடி சுத்துது. வெளிய ஒரு ஆடு கத்துது.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லயே டீச்சர்.”

“அதுல ஒரு மனுசி பேசுதாளே அண்ணாச்சி.”

அவர் விழித்தார். துணி மெத்தை காதில் இருந்தபடியே இன்னொரு தடவை போட்டார். கண்ணை மூடிக் கரைந்துபோக அதில் தேன் இல்லை. வெறும் சொல்தான் இருந்தது.

“அண்ணாச்சி, கேக்குதா? செண்பகம் மதினிக்கு முட்டுவலி கூடிருச்சாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன். போறீயளா?”

அதற்குப் பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் தான் கட்டைவிரலைத் தூக்கியிருப்போம் என்று அவருக்குத் தெரிந்தது.

இன்னொரு வாரத்து ஆரம்பத்தைப் போட்டார்.

“அண்ணாச்சி, ஊர்ல கோயில் கொடை வருது. மதினி தனியா நின்னு பொங்க வைக்கணும். நீங்க போய்ப் பக்கத்துல நில்லுங்க. சரியா?”

அமைதி.

வேறொன்று.

“மழையில அடுக்களை ஓடு ஒழுகுதாம் அண்ணாச்சி. ஏணிய யாரு புடிக்கன்னு மதினி கேக்காங்க. நாளைக்குப் போவீயளா?”

அமைதி.

அடுத்ததைப் போடக் கை போனது. போடவில்லை. ஹெட்போனைக் கழற்றினார்.

“டீச்சர், இதெல்லாம் என்கிட்டயா சொன்னீய?”

“மைக்குக்கா கடையத்துல வீடு இருக்கு?”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும், முட்டுவலியும் ஓடும்?”

“மதினி போன்ல சொல்லுவாங்க. சத்தமாத்தான் பேசுவாங்க. எனக்கு அவங்களப் புடிக்கும்.”

“நேர்ல சொல்லிருக்கலாமே.”

“சொன்னேன். நீங்க வந்த புதுசுல கெணத்தடியில வச்சுச் சொன்னேன். கண்ண மூடிக் கேட்டீய. கண்ணுல தண்ணி வந்துச்சு. சரி, மனசுல ஏறிருச்சுன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து, ‘இத மைக்ல ஒரு தடவ சொல்லுங்க டீச்சர், பதிஞ்சுக்கிடுதேன்’னு சொன்னீய.”

அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்று டீச்சரின் குரல் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது என்பது ஞாபகம் இருந்தது.

“செவிடன் காதுல ஊதுன சங்காப் போச்சே.”

“செவிடனா இருந்தா கையக் காட்டிப் புரிய வச்சிருப்பேன். உங்க காது, சங்கு நல்லா ஊதுதான்னு பாக்குற காது. அத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

சொன்னதில் கோபம் இல்லை. ஆவுடையப்பனின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ரெக்சின் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் சொன்னார்.

“நான் கட்டவெரலத் தூக்குனேனே டீச்சர்.”

“தூக்குனீய.”

“நீங்க என்னன்னு நெனச்சீய?”

டீச்சர் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

“போகப் போறீயன்னு நெனச்சேன். பேச்சு முடிஞ்சதும் மதினிக்குப் போன் போட்டு, ‘வாறாரு’ன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாள் அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். பெறவு நிறுத்திட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“மொதத் தடவ, அவியலுக்கு முருங்கக்கா வாங்கப் போணும்னு போன வச்சுட்டாங்க. அடுத்த தடவ, வாசல் லைட்டப் போட்டே வச்சிருக்கேன், இருட்டிருச்சுன்னா வழுக்கிருவாருன்னு சொன்னாங்க.”

“பெறவு?”

“கடைசியாச் சொன்னப்ப, ‘சரி டீச்சர்’னு மட்டும் சொன்னாங்க. அன்னைக்குத்தான் அவங்க மெதுவாப் பேசி நான் கேட்டேன்.”

ஆவுடையப்பனுக்கு அழுகை வரவில்லை. ஈரம் போச்சு, ஈரம் போச்சு என்று காலையிலேயே அழுது தீர்த்திருந்தார். மடியில் ஹெட்போன் கிடந்தது. அதில் டீச்சரின் குரல் இன்னும் எதையோ சன்னமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார்.

சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். நம்பரைத் தேடினார்.

மணி போனது.

“யாரு?”

கதவருகே போய்விட்ட டீச்சருக்கே அது கேட்டது. ஆவுடையப்பனின் கை பழைய பழக்கத்தில் போனைக் காதைவிட்டுத் தள்ளிக்கொண்டு போனது. நடுவில் நின்றது. திரும்பி வந்து காதோடு ஒட்டிக்கொண்டது.

“நாந்தான்” என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இவர் போனை இன்னும் அழுத்திப் பிடித்தார். பிறகு ஆரம்பித்தது. உரக்க, வேகமாக, நிறுத்தாமல். டீச்சர் நின்ற இடத்துக்கு வார்த்தை எதுவும் புரியவில்லை. ஊளைச் சத்தம் மட்டும் வந்தது. ஆவுடையப்பன் கண்ணை மூடவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பரீட்சைக்குக் கேள்வி வாசிக்கக் கேட்கும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“குரல் எப்பிடி இருக்கு அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் உள்ளங்கையைக் காட்டிக் குருவைத் தடுத்தார்.

“சும்மா இருங்க டீச்சர். அவ என்னமோ சொல்லுதா.”